யூரோப்பாவில் வாழ வாய்ப்பு

இந்தச் சூரியக் குடும்பத்தில் மனிதன் தனியாக இல்லை. எங்கோ ஒரு செம்மண்ணுக்கு அடியில், எங்கோ ஓர் உறைந்த கடலின் ஆழத்தில், ஏதோ ஓர் உயிர் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

லோகநாதன் மேடையேறினால் இப்படித்தான் ஆரம்பிப்பார். சூரியக் குடும்பத்தில் மனிதன் தனியாக இல்லை என்பதில் அவருக்கு எந்த வருத்தமும் கிடையாது. கும்மிடிப்பூண்டியில் அதைச் சொல்கிற ஆள் மட்டும் தனியாக இருக்க வேண்டும், அது தானாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிப்காட்டில் ஓர் இரும்புக் குழாய் கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். போல்ட்டு வாங்க வருகிறவனை நிறுத்திவைத்து, செவ்வாயில் ஒரு காலத்தில் ஆறு ஓடிய கதையைச் சொல்லிவிட்டுத்தான் போல்ட்டைக் கொடுப்பார். அதனால் அவருக்கு 'செவ்வாய் லோகு' என்று பெயர். தெரியாதவர்கள் அவர் ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று நினைத்தார்கள். போன வருஷம் அறிவியல் மன்றத்தில் 'செவ்வாயில் உயிர்' என்று அவர் பேசியபோது வழக்கத்தைவிடக் கூட்டம் வந்தது. அதில் சிலர் மகள் ஜாதகத்தை மஞ்சப்பையில் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களைக் கழித்துவிட்டால் கூட்டம் சொற்பம். லோகநாதன் கழிக்கவில்லை.

அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. மன்றத்து நோட்டீஸில் வெறும் 'இரா. லோகநாதன்' என்று மொட்டையாகப் போடுகிறார்கள். முன்னால் 'அறிவியல் செம்மல்' என்று போட்டால் நன்றாக இருக்கும் என்று செயலாளர் பாக்கியராஜிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். பாக்கியராஜ் பைபாஸில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவன்.

"செம்மல்னா இன்னாண்ணா? உங்க இனிஷியலா?" என்று கேட்டான்.

அந்த பாக்கியராஜ்தான் இப்போது இந்த வருஷத்துக் கூட்டத்தில் சாம்சனைப் பேசச் சொல்லிவிட்டான்.

சாம்சன் தேர்வாய் கண்டிகையில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். லோகநாதன் பேசும்போதெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து, மைக் விசில் அடித்தால் ஓடிப்போய் ஒயரை ஆட்டிவிட்டு வருவான். ஒயரை ஆட்டியவன் மைக்கையே பிடிப்பான் என்று யார் கண்டது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பேச அவன் எடுத்துக்கொண்ட பொருளைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. வியாழன் கிரகத்தைச் சுற்றுகிற யூரோப்பா என்கிற நிலா. மேலே முழுக்க ஐஸ். ஐஸுக்குக் கீழே கடல். பூமியில் இருக்கிற எல்லாக் கடலையும் சேர்த்தாலும் அதைவிட அதிகத் தண்ணீர் அங்கே இருக்கும் என்கிறார்கள். உயிர் இருக்குமா என்று பார்க்க ஒரு விண்கலமே கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது.

லோகநாதன் இத்தனை வருஷம் காய்ந்த செவ்வாயை வைத்துக்கொண்டு, ஆறு ஓடிய தடம், ஏரி இருந்த பள்ளம் என்று தடத்தையும் பள்ளத்தையும் காட்டியே காலம் தள்ளினார். நேற்று வந்தவனுக்கு எடுத்த எடுப்பில் ஒரு முழுக் கடல். அந்த நிலாவின் மீதே அவருக்கு எரிச்சல் வந்தது. மொட்டை மாடியில் நின்று வியாழனை முறைத்துப் பார்த்தார்.

"ராக்கெட் உடறாங்களா?" என்று கீழேயிருந்து கேட்டாள் மனைவி ரத்னா.

"இல்ல."

"அப்ப எறங்கி வாங்க. தோச ஆறிப் போவுது."

ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா சாப்பிடும்போது சாம்சனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. கூட்டத்துக்கான பேனர். கூடவே அவன் குரல்.

"அண்ணா, பிளெக்ஸ் கடைல பேனர் ரெடி பண்ணிக்கீறாங்க. நமக்குத் தமிழ் தகராறு. நீங்க ஒரு தபா பாத்து, தப்பு கீதான்னு சொல்லுங்கண்ணா. நீங்க ஓகேன்னாதான் பிரிண்டுக்கு அனுப்புவேன்."

லோகநாதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இட்லித் துண்டு வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

யூரோப்பா என்றொரு நிலா இருப்பது பிளெக்ஸ் கடைக்காரனுக்குத் தெரியவில்லை. சாம்சன் ஏதோ கொச்சையாக எழுதிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்து நல்ல மனசோடு அதைத் திருத்தியிருந்தான்.

'ஐரோப்பாவில் உயிர் வாழ வாய்ப்பு உண்டா? சிறப்புரை: எம். சாம்சன். அனைவரும் வருக. அனுமதி இலவசம்.'

இடம் காலியாக இருக்கிறதே என்று மூலையில் ஒரு விமானம் வேறு.

"இன்னா, ஃபோனப் பாத்துகினு தனியா சிரிச்சிகினு கீறீங்க?" என்றாள் ரத்னா.

"ஒண்ணுமில்ல. சாம்சன் பையன் பேனர் அனுப்பிக்கீறான்."

"நல்லா கீதா?"

"ரொம்ப நல்லா கீது."

'ஐரோப்பா அல்ல தம்பி' என்று அவர் விரல் தட்டத்தான் செய்தது. அப்புறம் அதே விரல் ஒவ்வோர் எழுத்தாக அழித்தது. ஊரே பார்த்துச் சிரிக்கட்டும். அடுத்த வருஷம் பாக்கியராஜ் யாரிடம் வந்து நிற்கிறான் பார்க்கலாம். ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அது போதாதென்று ஒரு கும்பிடும் அனுப்பினார்.

"தேங்க்ஸுண்ணா! நீங்க பாத்துட்டா எனக்கு சாமியே பாத்த மாதிரி. உங்களுக்கு ஒரு மரியாதை செய்யணும்ணா, செய்றேன்" என்று சாம்சன் குரல் வந்தது. லோகநாதன் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டுச் சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

பேனர் ரயில்வே ஸ்டேஷன் வாசலிலும் பஸ் நிற்கும் இடத்திலும் ஏறியது. லோகநாதன் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அதைப் பார்த்து மனசு குளிர்ந்தார். அடிப்பாகத்தைப் பானிபூரி வண்டி மறைத்திருந்தது. அவருக்கு வேண்டிய எழுத்து மேலேதான் இருந்தது. ஆனால் நின்று படிக்கிற யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அறிவு வளரவே வளராத ஊர் என்று நினைத்துக்கொண்டார்.

கூட்டத்தன்று, வேடிக்கை பார்க்கத் தோதாகக் கடைசி வரிசையில் இடம் பிடிக்க நினைத்துப் போனார். கடைசி வரிசை நிரம்பியிருந்தது. அதற்கு முன்வரிசையும் நிரம்பியிருந்தது. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் பேசும்போது அடுக்கியபடியே கிடக்கும் நாற்காலிகளையெல்லாம் பிரித்துப் போட்டிருந்தார்கள். சுவரோரமும் ஆள். காண்ட்ராக்ட் யூனிபாரத்தோடு ஷிப்டு முடிந்து அப்படியே வந்தவர்கள், பழவேற்காட்டிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். எல்லார் கையிலும் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் பாஸ்போர்ட் ஜெராக்ஸ்.

"அனுமதி இலவசம்னு போட்டுக்கீறானே நைனா, அப்ப விசாவுக்குத் துட்டு கெடையாதா?" என்று பக்கத்தில் நின்றவர் லோகநாதனைக் கேட்டார்.

லோகநாதன் தலைகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். ஆனாலும் ஒரு நப்பாசை. விஷயம் தெரிந்ததும் இந்தக் கூட்டம் சாம்சனைச் சும்மா விடாது.

சாம்சன் மேடையேறி, கூட்டத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டான். அறிவியலுக்கு இவ்வளவு மவுசா என்று பாக்கியராஜும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவர்களுக்குப் பின்னால் அதே பேனர் தொங்கியது. அதன் கீழ்ப்பாதியை மேடை மேஜை மறைத்திருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நாம யூரோப்பா பத்திப் பேசப் போறோம். இது வியாழனைச் சுத்தற நிலாங்க."

கூடத்தில் ஒரு சலசலப்பு. பிளாஸ்டிக் கவர்கள் மடிக்குத் திரும்பின. லோகநாதன் எட்டிப் பார்த்தார்.

"நிலாவா?" என்று ஒரு குரல். "ஜெர்மனி பக்கத்துல இல்லியா?"

"இல்லண்ணா. ரொம்ப தூரம். அங்க ஆளுங்களே கெடையாது."

"ஆளே இல்லன்னா வேலை நெறைய கெடக்குமே!"

கூடம் குபீரென்று சிரித்தது. சாம்சன் மேல் கோபமாக அல்ல, சாம்சனோடு சேர்ந்து சிரித்தது. லோகநாதனுக்கு முகம் சுருங்கியது.

"குளுரு எப்டி?" என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"மைனஸ் நூத்தி அறுவதுக்கா."

"நான் எறா கம்பெனில கோல்டு ஸ்டோரேஜுலதான் கீறேன். ஸ்வெட்டர் தருவாங்களா?"

"அங்க ஒரு பகலும் ராத்திரியும் சேந்தா நம்ப கணக்குல மூணரை நாள்" என்றான் சாம்சன். அவனுக்கும் குஷி பிறந்துவிட்டது.

"அய்யோ, ஒரு ஷிப்டுக்குப் போனா பொண்டாட்டி போலீசுக்குப் போயிடுவா!"

கிளம்ப எழுந்தவர்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். ஐஸுக்குக் கீழே கடல் இருப்பது எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். போர் போட்டுப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும், அதுவரை நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயைச் சுழற்றிச் சொல்கிற மாதிரிதான், ஆனால் இவர்கள் கையில் தேங்காய்க்குப் பதில் காந்தமானி என்றான் சாம்சன். கைதட்டல். பூச்சி மாதிரி ஏதாவது இருந்தாலும் இருக்கலாம் என்றான். அதற்கும் கைதட்டல். லோகநாதன் ஆறு, ஏரி, சமவெளி என்று ஒரு கிரகத்தையே பிய்த்து வைத்தபோது இந்தக் கூடத்தில் கேட்டது மின்விசிறிச் சத்தம் ஒன்றுதான்.

அவரால் தாங்க முடியவில்லை. கையை உயர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். மேடைத் தமிழ் தானாக வந்தது.

"ஒரு நிமிடம்! இங்கே ஒரு மாபெரும் பிழை நடந்திருக்கிறது. யூரோப்பா என்பது வேறு, ஐரோப்பா என்பது வேறு. பேனரில் ஐரோப்பா என்று அச்சிட்டு, இத்தனை ஏழைத் தொழிலாளர்களைப் பாஸ்போர்ட்டோடு வரவழைத்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தியிருக்க வேண்டாமா? இந்தப் பிழைக்கு யார் பொறுப்பு? பெயரைச் சொல்லுங்கள்!"

சாம்சன் திரும்பிப் பேனரைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே பிழை தெரிந்தது போலிருந்தது. அப்புறம் லோகநாதனைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"அதான் கேக்கறார்ல, யாருன்னு பாருப்பா!" என்று சுவரோரத்திலிருந்து ஒருவர் கத்தினார். "அடில ஏதோ பேர் போட்டுக்கீது. டேபிள நவுத்து!"

"வேணாம் பாக்கி, உடு" என்றான் சாம்சன் மெதுவாக.

பாக்கியராஜ் அதற்குள் மேஜையை இழுத்துவிட்டான். குனிந்து, எழுத்துக் கூட்டி, மைக்கிலேயே படித்தான்.

'பிழை திருத்தம்: அறிவியல் செம்மல் இரா. லோகநாதன்.'

அந்த ஒரு வரியில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை.