நீச்சல்குளம் வெளுத்த வாரம்

பிரஷ் கட்டிய நீளக் கம்பை உள்ளே விட்டால் ஒரு சாண் ஆழத்திலேயே அதன் நுனி காணாமல் போய்விடுகிறது, பாதியில் யாரோ ஒடித்து வாங்கிக்கொண்ட மாதிரி, முருங்கைக்கீரையை அரைத்துக் கரைத்து ஊற்றியது போல் கிடக்கிற அந்தத் தண்ணீரின் மேல் குனிந்து மயிலாத்தாள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், நீளம் முப்பதடி, அகலம் பன்னிரண்டடி, ஆழமான பக்கம் அஞ்சரை, எல்லாம் அவளுக்கு மனப்பாடம், அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வெள்ளை வடிகால் மூடி உண்டு, பத்து நாளைக்கு முன்னால் கரையில் நின்றே அதன் துளைகளை எண்ணலாம், இப்போது மூடியும் இல்லை, அடியும் இல்லை, குனிந்து பார்க்கிறவளின் முகம்கூட அதில் விழவில்லை, தாராபுரத்தில் நாத்தனார் பெண்ணின் கல்யாணத்துக்குப் போய் எட்டு நாள் தங்கிவிட்டு வந்தால் குளத்து வடிகட்டி மோட்டார் ட்ரிப்பாகி நின்றிருக்கிறது, நடுவில் இரண்டு மழை, மேலே சாய்ந்திருக்கிற தென்னை கொட்டிய பூ, எட்டு நாளில் ஒரு நீச்சல்குளம் குட்டையாகிவிடும் என்று யாருக்குத் தெரியும், தெரியாததோடு விட்டாளா, பெங்களூரிலிருந்து மகன் நவநீதன் வீடியோவில் பேசும்போது, பாரு கண்ணு, இந்தக் கொடுமையைப் பாரு என்று போனைத் திருப்பி வேறு காட்டினாள்.

அம்மா, போதும்மா, என்றான் அவன், ஆறு வருசத்துக்கு முன்னாடி கொழந்தைகளுக்குன்னு கட்டுனேன், அதுக ரெண்டு லீவா அந்தப் பக்கமே வரல, நீங்க ரெண்டு பேரும் கொசுப் பண்ணைதான் வெச்சுட்டிருக்கீங்க, ஞாயித்துக்கெழம வர்றேன், நாலு லோடு மண்ணுக்குச் சொல்லிடறேன், மூடிட்டு மேல புல்லு வெச்சுட்டா அப்பா நடக்கறதுக்காச்சும் ஆகும், யாரும்மா குளிக்கறா அதுல. யாரும்மா குளிக்கறா. அதற்கு மட்டும் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை, நான்தான் கண்ணு என்று சொல்லியிருக்கலாம், ஐம்பத்தொன்பது வயதில் சுடிதாரை மாட்டிக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாக, அஞ்சு மாசமாய் உன் அப்பாதான் தாடையைத் தாங்கிப் பிடித்துக் கற்றுக்கொடுக்கிறார் என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் சிரிப்பான், சிரித்தால்கூடப் பரவாயில்லை, டாக்டரிடம் கேட்டீங்களாம்மா என்பான், அதனால் சொல்லவில்லை, கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று காலையில் இருபத்திரண்டு அடி வரைக்கும் தனியாகப் போய்விட்டாள், அதற்குமேல் ஆழம் ஞாபகம் வந்து பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள், மிச்சம் எட்டடி, சின்னப் பிள்ளையாய் இருந்தபோது காங்கேயத்துப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் அண்ணன்மார் நான்கு பேரும் மேட்டிலிருந்து தொப் தொப்பென்று குதிப்பார்கள், இவள் நான்கு சட்டையையும் கையில் வைத்துக்கொண்டு படியில் நிற்பாள், நீ குதிக்காத பாப்பா, நீ சட்டையைப் பார்த்துக்கோ, அப்படிச் சட்டையைப் பார்த்துக்கொண்டே நின்ற பெண் இப்போதுதான் இருபத்திரண்டு அடி வந்திருக்கிறாள், அந்த எட்டடியின் மேல் ஞாயிற்றுக்கிழமை நாலு லோடு மண் விழப்போகிறது.

பாசிதான அம்மிணி, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருக்கற, என்றார் குழந்தைவேல், முப்பத்தஞ்சு வருசம் திருப்பூரில் சலவைப்பட்டறை நடத்திய மனுசன், பழுப்புப் பழுப்பாய் வந்த பனியன் துணியையெல்லாம் பால் மாதிரி வெளுத்து அனுப்பியவர், லாரி லாரியாத் துணி வெளுத்தவனுக்கு இந்தக் குட்டைத் தண்ணி எம்மாத்திரம், கட்டுனவன் என்ன சொல்லிட்டுப் போனான், பச்சையானா ஷாக் குடுங்கன்னான், கொஞ்சங் கொஞ்சமாப் போடாம ஒரே போடா நெறையக் குளோரினப் போடறதுதான் ஷாக்கு, வேறென்ன. நமக்கு அடிக்காம இருந்தாச் சரிங்க, என்றாள் இவள். திங்கட்கிழமை உச்சி வெயிலில் ரெண்டு கிலோ போட்டார், செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் ரெண்டு கிலோ போட்டார், தலையில் துண்டு, முழங்கால் வரைக்கும் மடித்த வேட்டி, கரையைச் சுற்றிச் சுற்றி வந்து வாளியிலிருந்து ஊற்றுகிற தோரணையைப் பார்த்தால் கோயில் கிணற்றுக்குத் தீர்த்தம் விடுகிற மாதிரி இருந்தது, ஏனுங்க, இந்த வேகாத வெயில்லயா, காலைல போட்டா ஆகாதுங்களா என்று கேட்டதற்கு, அடப் போ புள்ள, வெயிலில்லாம எது வெளுத்திருக்குது, துணியக் காயப்போட்டு வெயில் ஏறுனாத்தான் வெண்மையே எந்திரிக்கும், எனக்கே பாடஞ் சொல்றியா என்றார், சரி, தொழில் தெரிந்தவர், நாம் என்னத்தைக் கண்டோம்.

ஆனால் அந்த வாசனை, தண்ணீரில் விழுந்ததும் கும்மென்று எழுந்து மூக்கின் உச்சியில் ஊசி மாதிரி ஏறுகிற அந்த வாசனை அவளுக்கு மட்டும் எரிச்சலாக இருந்ததே இல்லை, பெண் பார்க்க வந்த அன்று இவர் வாசலில் செருப்பை விடும்போதே அது முதலில் உள்ளே வந்துவிட்டது, ஏனுங் மாப்பள, ஆஸ்பத்திரியில வேலைங்களா என்று அவள் அப்பா கேட்டார், இல்லீங் மாமா, பட்டறைங்க என்று இவர் சொல்லும்போது சட்டை முன்பக்கத்தில் மருந்து தெறித்துத் தெறித்துக் கடுகு கடுகாய் ஓட்டை, காபித் தட்டோடு நின்றவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, ஓட்டையை எண்ணிக்கொண்டு நின்றாள், பதினொன்றாவது ஓட்டையில் அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டார், அப்புறம் திருப்பூர், நொய்யல் பக்கத்து வீடு, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், இவள் மட்டும் ஜன்னலைச் சாத்திவிடுவாள், காற்றில் போய்விடப் போகிறதே என்று, இப்போது கரையில் உட்கார்ந்திருக்கிறாள், வாசனை வருகிறது, வேட்டியை மடித்துக் கட்டிய இருபத்தாறு வயதுக்காரர் வாளியோடு சுற்றி வருகிறார், கண்ணை இடுக்கிப் பார்த்தால் அறுபத்தேழு வயதுக்காரர், தலையில் துண்டு, அதே தெனாவெட்டு.

தண்ணீர்தான் கேட்கவில்லை. புதன்கிழமை காலையிலும் கம்பின் நுனி ஒரு சாணிலேயே காணாமல் போயிற்று. மயிலாத்தாளுக்கு ஒரு வழக்கம் உண்டு, எதையும் எழுதி வைத்துவிடுவாள், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணி போட்டு எழுதியிருந்தாள், குளம் கட்டியவர்கள் கொடுத்த சின்னக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து அஞ்சு சொட்டு மருந்து விட்டால் குளோரின் இருக்கிற அளவுக்கு மஞ்சளாகும், செவ்வாய் மதியம் ஒரு மணிக்கு நல்ல மஞ்சள், சாயங்காலம் நாலு மணிக்கு வெறுந்தண்ணி, நடுவில் மூன்று மணி நேரத்தில் ரெண்டு கிலோ மருந்து எங்கே போயிற்று, யார் குடித்தது, ஏனுங்க, இதைப் பாருங்க என்று நீட்டினாள், சொட்டு மருந்து கெட்டுப்போயிருக்கும் என்றார், காலையில் வாங்கின சோடா கேஸ் போகிற மாதிரி போகிறதே என்று யோசித்துக்கொண்டே நிற்கிறாள், மேலே வெயில் சுள்ளென்று அடிக்கிறது, சுள்ளென்று, அப்படியே யாரோ சுள்ளென்று கத்துகிறார்கள், மூடு, மூடு அதை, அறிவிருக்குதா, கையில் தூக்குப்போசி, கல்யாணமாகி மூன்று மாசம், மதியச் சோறு கொண்டுபோனவள் பட்டறைக்குப் பின்னால் தென்னங்கீற்றுப் போட்டு மூடிவைத்திருந்த மருந்துத் தொட்டியை என்னதான் இருக்கிறது என்று விலக்கிப் பார்த்துவிட்டாள், வெயில்பட்டா வீரியமெல்லாம் ஆவியாப் போயிருமே, நாளைக்கு நனைக்கற துணிக்கு எங்க போவேன் என்று ஆள்களுக்கு முன்னால் கத்திவிட்டார், தூக்குப்போசியை அங்கேயே வைத்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டாள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரும்போது கால் கிலோ ஜிலேபியோடு வந்து வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வரட்டுங்களா என்று.

ஏனுங்க, என்றாள் மயிலாத்தாள், நாற்பது வருசம் கழித்து, புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, அன்னிக்கு மருந்துத் தொட்டியத் தொறந்ததுக்கு என்னை அந்தப் பேச்சுப் பேசுனீங்களே, எதுக்குப் பேசுனீங்க. எந்தத் தொட்டி, என்றார் அவர், அப்புறம் தலைத்துண்டை எடுத்தார், வானத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், முகம் போன போக்கைப் பார்த்து இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துணிக்குத்தானுங்க வெயிலு, மருந்துக்கு நெழலு, நீங்க இதையப் போயித் துணியாட்ட நெனச்சுட்டீங்க, இது தொட்டிங்க. நாலு கிலோவ வெயிலுக்கு வாத்துருக்கறன், என்றார் அவர், நல்லவேளை, பட்டறை ஆளுக ஒருத்தனும் பக்கத்துல இல்ல. ஜிலேபி வாங்கிட்டு வந்தா நானும் யாருகிட்டயும் சொல்லலீங்க.

அன்றைக்குச் சாயங்காலம், தென்னைக்குப் பின்னால் பொழுது இறங்கி வெயிலின் கடைசித் துண்டும் சுவரைவிட்டுப் போகிற வரைக்கும் இருவரும் வாளிகளோடு காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி, அதற்குள் அவள் சுவரையெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டாள், ஒட்டிக்கொண்டிருக்கிற பாசியை உடைத்துவிட்டால்தான் மருந்து உள்ளே இறங்கும், அவர் வாளியில் முதலில் தண்ணீரைப் பிடித்து அதில் கொஞ்சங்கொஞ்சமாய்ப் பவுடரைத் தூவிக் கலக்கினார், பவுடரின் மேல் தண்ணீரை ஊற்றினால் சீறிக்கொண்டு மூஞ்சிக்கு வரும், அது அவருக்கு மறக்கவில்லை, இருவர் மூக்கிலும் ஈரத்துண்டு, யார் என்ன பேசினாலும் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது, ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் இவள், மெதுவாய் ஊற்றிக்கொண்டே நடக்கிறார்கள், வடிகட்டி மோட்டார் உர்ரென்று ஓடுகிறது, பச்சைக்குள் வெள்ளை புகை புகையாய் இறங்குகிறது, வாசனை எழுந்து இருட்டுகிற தோட்டமெங்கும் நிற்கிறது, அவளுக்குத் திருப்பூர் பஸ்ஸின் ஜன்னலைச் சாத்த வேண்டும் போல் கை பரபரக்கிறது.

வியாழக்கிழமை விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள், பச்சை இல்லை, ஆனால் தண்ணீரும் இல்லை, அரிசி கழுவிய நீர் மாதிரி சாம்பலாய் என்னவோ கிடக்கிறது, போச்சுங்க, எல்லாம் போச்சுங்க என்று அவள் தலையில் கைவைக்கப் போக, பல்லில் பிரஷ்ஷோடு வந்தவர், அது செத்த பாசி அம்மிணி, எழவு விழுந்தா ஒடனே வீடு கழுவி முடியுமா என்றார், காலண்டர் தாளில் காலை ஏழு மணி, மஞ்சளையும் தாண்டி ஆரஞ்சு என்று எழுதினாள், ராத்திரி முழுக்க மருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை வடிகட்டியை மூன்று தரம் திருப்பி ஓடவிட்டுக் கழுவினார்கள், வெளியே வந்த தண்ணீர் கஞ்சி மாதிரி ஓடியது, பகல் நழுவி நழுவிப் போகிறது, சாம்பல் மோராகிறது, மோர் இளநீராகிறது, சனிக்கிழமை மத்தியானம் அவள் கரையில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து ஒரு வெள்ளை வட்டம் நிலா எழுகிற மாதிரி எழுந்து வந்தது, ஏனுங்க, மூடி தெரியுதுங்க, மூடிங்க என்று அவள் கத்திய கத்தலில் பாத்ரூமிலிருந்தவர் சோப்பு நுரையோடு வந்து நின்றார், இறங்கட்டுங்களா, ஒரே ஒரு தரம், பொறு புள்ள, குப்பி இன்னும் ஆரஞ்சா இருக்குது, கண்ணு அவிஞ்சிரும், இன்னைக்கு வெயில் நல்லாக் காயட்டும், இப்ப வெயிலு நம்ம கட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பி எலுமிச்சைச் சாறு நிறத்தில் இருந்தது, இறங்கலாம், சுடிதாரும் மாட்டியாயிற்று, ஆனால் அதற்குள் கார் வந்துவிட்டது, நவநீதன் இறங்கிச் செருப்போடு நேராகக் குளத்துக்கே வந்தான், எட்டிப் பார்த்தான், அட, என்றான், யாரு வந்து சுத்தம் பண்ணுனாங்க. உங்கப்பன்தான், நாலு நாள் துணி வெளுத்தான், என்றார் குழந்தைவேல். நல்லாத்தான்ப்பா இருக்குது, ஆனா அடுத்த மழைக்கு மறுபடியும் பச்சையாகும், மறுபடியும் நீங்க வாளியத் தூக்கோணும், மண்ணு லாரி மேட்டுக்கடையில வந்து நிக்குது, சொல்லுங்க, யாருக்காக இத்தனை பாடு, யாரு குளிக்கறா. அவர் வாயைத் திறந்தார், திறந்துவிட்டு இவளைப் பார்த்தார், இதை நான் சொல்லக்கூடாது என்கிற பார்வை, அந்தப் பார்வைக்கு அவள் கால்தான் பதில் சொன்னது, கைப்பிடியைப் பிடித்து முதல் படி, இரண்டாவது படி, சுடிதார் உப்பிக்கொண்டு மேலே வருகிறது, அம்மா வழுக்கும், அம்மா என்ன பண்றீங்க, அப்பா புடிங்கப்பா அம்மாவ, நான் எதுக்குப் புடிக்கறது, அவ நம்மளையெல்லாம் கேக்கறதே இல்ல, குரல்கள் மேலே எங்கேயோ, காது தண்ணீருக்குள் போனதும் எல்லாம் அடங்கி மோட்டார் சத்தம் மட்டும், கையை விரி, கூட்டு, தள்ளு, கையை விரி, கூட்டு, தள்ளு, பத்தடி, பதினைந்து, தரை சரிந்து கீழே போகிறது, இருபத்திரண்டு, இங்கேதான், இங்கேதான் கை சுவரைத் தேடும், கீழே குனிந்து பார்க்கிறாள், அஞ்சரை அடியும் கண்ணாடியாய்த் திறந்து கிடக்கிறது, ஒளிக்கோடுகள் நெளிகிற தரைமேல் ஒரு பெண்பிள்ளை கையை அகல விரித்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறாள், பயமே இல்லாமல், யாருடைய சட்டையும் கையில் இல்லாமல், அவள் போகிற வேகத்துக்கு இவளும் போகிறாள், விரி, கூட்டு, தள்ளு, ஓடு பதித்த சுவர் விரலில் வந்து இடித்தது.

விளிம்பில் தொங்கிக்கொண்டு, மூக்கிலும் வாயிலும் நீர் வழிய, மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். நவநீதன் ஒரு கால் செருப்பு தண்ணீரில் மிதப்பதுகூடத் தெரியாமல் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான், நான்தான் கண்ணு குளிக்கறேன், என்றாள் அவள், அவன் சிரிக்கவில்லை, டாக்டர் பேச்சையும் எடுக்கவில்லை, பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்தான், இல்லீங்கண்ணா, வேண்டாங்கண்ணா, இங்க எங்கம்மா நீச்சல் அடிச்சுட்டு இருக்காங்க, ஆமாங்க, எங்கம்மாதானுங்க என்று கத்திச் சொன்னான், லாரிக்காரருக்கு என்ன புரிந்ததோ, குழந்தைவேல் திரும்பி நின்று தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், அம்மா, போதும், மேல வாங்க, கையக் குடுங்க என்றான் மகன், இருப்பா, போன வழியே வரோணுமல்ல என்று அவள் சுவரை இரண்டு காலாலும் உதைத்துத் தள்ளினாள், தண்ணீர் திறந்து வழிவிட்டது, கீழே அடியில், பட்டப்பகல் வெளிச்சத்தில், அந்த நிழலும் அவளோடு திரும்பியது.