திருப்பி அனுப்பப்பட்ட ஒப்படை

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வியாபாரம் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில், எங்கள் கூட்டுறவுச் சங்கக் கடையின் ஷட்டரை நான் இழுத்து இறக்கினேன். ஊழியர்களைக் கூட்டி ஒரு சின்னக் கூட்டம் வைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். கால்மணி நேரத்துக்குள் திருகோணமலைக் கடைத்தெரு முழுவதும் மூடிக் கிடந்தது.

வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, யுத்த காலம். பட்டப்பகலில் ஒரு கடை ஷட்டரை இறக்கினால் பக்கத்துக் கடைக்காரர் ஏன் என்று கேட்க மாட்டார். தன்னுடையதையும் இறக்குவார். கேட்பதெல்லாம் பிறகு, வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிய பின். இது எனக்குத் தெரியாததல்ல. நானே எத்தனையோ தரம் அப்படி ஓடியவன். ஆனால் அன்று நான் திருகோணமலையில் நிற்கவில்லை. பாடப்புத்தகத்தில் நின்றேன்.

2

(இந்தப் பகுதியை முதலில் 'துறைமுகத்தில் கதிரவன் தன் பொற்கரங்களை' என்று தொடங்கினேன். மேலே எழுத வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.)

சங்கம் பணம் கட்டி எங்களில் இரண்டு பேரைப் பல்கலைக்கழக வணிக பீடத்தின் வாரக்கடைசி வகுப்புக்கு அனுப்பியிருந்தது. ஒருவர் உதவி முகாமையாளர் குலசிங்கம், அதாவது நான். மற்றவர் கணக்கு எழுதும் லிகிதர் ரபீக்கா. குறிஞ்சாக்கேணியிலிருந்து கிண்ணியாவுக்கு வந்து, அங்கே பாதை* ஏறி, பிறகு பஸ் ஏறி வருகிறவர். பாடத்தின் பெயர் 'தலைமைத்துவமும் நிறுவன மாற்றமும்'.

(* பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவை. அது பழுதானால் ரபீக்காவுக்குப் பாதையும் இல்லை, பாடமும் இல்லை.)

விரிவுரையாளர் கனகசுந்தரம் மட்டக்களப்பிலிருந்து வருவார். வீதி திறந்திருந்தால் வருவார். நிறுவனம் என்பது உறைந்த கட்டி. அதை உருக்கி, வடிவத்தை மாற்றி, மறுபடி உறைய வைப்பதே தலைவனின் வேலை என்று படிப்பித்தார். மின்வெட்டுள்ள ஊரில் உருக்குவது சுலபம், உறைய வைப்பதுதான் பாடு என்று நான் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. ரபீக்கா சிரித்தார்.

இப்போது முக்கியமான விஷயம். எங்கள் முகாமையாளர் ஞானசேகரம் ஐயா வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். படிப்பும் அனுபவமும் உள்ளவர்கள் அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று நிர்வாக சபை அறிவித்துவிட்டது. நான் சுற்றிப் பார்த்தேன். என்னைத் தவிர ஒருவரும் கண்ணில் படவில்லை. வேலை செய்யும் இடத்தில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்து அதை ஒப்படையாக, அதாவது புள்ளி போடும் பயிற்சிக் கட்டுரையாக, எழுதும்படி விரிவுரையாளர் சொன்னபோது, ஒரே கல்லில் புள்ளியும் கதிரையும் விழும் என்று கணக்குப் போட்டேன்.

மாற்றம் பெரிதொன்றுமில்லை. எங்கள் கடையில் ஒரு மேசையில் பில் துண்டு எழுதுவார்கள், அடுத்த மேசையில் தங்கரத்தினம் அக்கா காசு வாங்குவார், மூன்றாவதில் ஆதம்பாவா நாநா சாமான் கொடுப்பார். ஒரு இறாத்தல் சீனிக்கு மூன்று தரம் நிற்க வேண்டும். மூன்றையும் ஒரே மேசையாக்கலாம் என்பது என் யோசனை. அதைச் சொல்லத்தான் கூட்டம். கூட்டத்துக்குத்தான் ஷட்டர்.

3

மூடிய கடைக்குள், வெளியே நடப்பது தெரியாமல், தொலைநோக்கு பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். ஷட்டர்கள் ஒவ்வொன்றாய் விழும் சத்தம் கேட்டது. ஆதம்பாவா நாநா எழும்பி நின்றார். முச்சந்திக் காவலரணில் இருந்த சிப்பாய் ஓடிவந்து, எங்கள் ஷட்டரில் தட்டி, என்ன நடந்தது என்று கேட்டான். தெரியாது என்றேன். தெரு முழுக்க அவனுக்கு அதே பதில்தான் கிடைத்ததாம். ஒரு தெருவே ஒன்றுசேர்ந்து உண்மை சொன்னது அன்றைக்குத்தான். என்னைத் தவிர.

சிரிப்பாக எழுதுகிறேன். ஆனால் பள்ளிக்கூட வாசலில் குவிந்த தாய்மாரைப் பற்றி எழுதும்போது எனக்குப் பேனா ஓடவில்லை. என் மனைவி பூரணியும் அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் பறந்து வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அன்று பின்னேரம் அவள், ஏனாம் பூட்டினவங்கள் என்று கேட்டாள். ஆருக்குத் தெரியும் என்றேன்.

மூடிய தெருவைத் திறப்பது எப்படி? யாரும் முதலாவதாகத் திறக்கத் தயாரில்லை. முதல் பிரதியில் நான் இப்படி எழுதினேன்:

நான் நிதானமாக வெளியே வந்து, மக்களை நோக்கி

இல்லை. நான் அப்போது பால்மாப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன். இரண்டாவது பிரதியில் ஞானசேகரம் ஐயாவை அனுப்பிப் பார்த்தேன். அவர் அன்று லீவு. ஒப்படையில், 'வரிசை ஒன்று உருவாக்கப்பட்டது' என்று எழுதிச் சமாளித்தேன். உருவாக்கியது யார் என்று அந்த வசனத்தைக் கேட்டால் அது பதில் சொல்லாது. நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு அப்படிப்பட்ட வசனங்கள் பெரிய ஆறுதல்.

நடந்தது இதுதான். ரபீக்கா ஷட்டரைத் தூக்கினார். ஒரு மேசையை வாசலுக்கு இழுத்துப் போட்டார். ஆதம்பாவா நாநாவையும் தங்கரத்தினம் அக்காவையும் ஆளுக்கொரு பையோடு மேசைக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக நிற்க வைத்தார். வேகமாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மனுசி நின்று, என்ன குடுக்கினம் என்று கேட்டாள். பால்மா என்றார் ரபீக்கா. (பால்மா இருந்தது உண்மை. காலையிலிருந்தே இருந்தது.) மனுசி வரிசையில் நின்றாள். பிறகு இன்னொருத்தி, பிறகு சைக்கிளில் வந்த ஒருவர். மூடிய கதவைக் கண்டு ஓடுகிற எங்கள் சனம், வரிசையைக் கண்டால் திரும்பி ஓடிவரும். தேத்தண்ணீர்க் கடை முதலில் பாதி திறந்தது. மத்தியானத்துக்கு முன் முழுத் தெருவும் திறந்துவிட்டது. வாசல் மேசையில் ரபீக்காவே துண்டு எழுதி, காசு வாங்கி, சாமானும் கொடுத்தார். என்னுடைய ஒரே மேசைத் திட்டம் அப்படித்தான் அமுலுக்கு வந்தது.

ஒப்படை திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'இது கதை. எனக்கு அறிக்கை தேவை.' அறிக்கையை ரபீக்கா எழுதினார். கதை என்னிடம் மிஞ்சியது. அதைத்தான் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

5

(நாலாம் பகுதி தலைவனின் குணாதிசயங்கள் பற்றியது. வாசித்துப் பார்த்தேன், எல்லாம் என்னைப் பற்றியே இருந்தன. எடுத்துவிட்டேன்.)

விண்ணப்பிப்பதற்கு முன் ஊழியர்களின் மனதை அறிய விரும்பினேன். நான் மனேஜராக வந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். தங்கரத்தினம் அக்கா, சாப்பிட்டாச்சோ என்று திருப்பிக் கேட்டார். ஆதம்பாவா நாநா கடல் பக்கம் பார்த்து, மழை வரும்போலக் கிடக்கு என்றார். விரிவுரையாளர், அது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். ஞானசேகரம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, அது நல்லதும்தான்," என்றார். கொஞ்சம் யோசித்து, "மற்றதும்தான்."

அவர்களைக் குறை சொல்ல ஏலாது. காலையில் வேலைக்கு வருவதற்குள் எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யாரைத் தெரியும் என்று பல பேர் கேட்கிற ஊர். கேட்பவன் முகத்தைப் பார்த்து, பிழை வராத பதிலாகப் பார்த்துச் சொல்லிச் சொல்லி நேர்ப் பதில் என்கிற சாமானே கையிருப்பில் இல்லாமல் போய்விட்டது. கறிக்கு உப்புக் காணுமோ என்று பூரணியைக் கேட்டால், நீங்கள் என்ன நினைக்கிறியள் என்பாள்.

6

முடிவுகள்.

அ. நான் முகாமையாளர் ஆகிறேன். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (யார் கைதட்டுகிறார்கள் என்று யோசித்தேன். ஒரு முகமும் வரவில்லை.)

ஆ. நான் பெருந்தன்மையோடு விலகி, ரபீக்காவை அழைத்து, கதிரையைக் காட்டி, 'இது உங்களுக்குரியது' என்கிறேன். அவர் கண் கலங்குகிறார். இந்த முடிவில் நான் மிகமிக நல்லவன். அதனால்தான் நம்ப ஏலாமல் இருக்கிறது. தவிர, கொடுப்பதற்கு அந்தக் கதிரை என்னுடையதும் அல்ல.

இ. இந்த இடம் உங்களுக்கு. கதிரையில் யாரை இருத்துவது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். நிர்வாக சபை கூடுவதற்கு இன்னும் காலமிருக்கிறது.

இந்த மூன்று முடிவுகளோடும் பிரதியை ரபீக்காவிடம் வாசிக்கக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க வாசித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். எந்த இடம் என்று எட்டிப் பார்த்தேன், தாளை மறைத்துக்கொண்டார்.

"கதையில நான் நல்லாத்தான் வந்திருக்கன் சேர்," என்றார். "ஆனா பால்மா எண்ட ஒரு சொல்லத் தவிர எனக்குக் கதையே இல்ல. மற்ற எல்லாத்தையும் நீங்களே கதைக்கிறீங்க."

நியாயமான முறைப்பாடு. சரி, கடைசிக் கதை உங்களுடையது, ஒரு கேள்வி கேட்பேன், நீங்கள் சொல்வதை ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுகிறேன் என்றேன். சம்மதித்தார். ஊர் முழுக்கக் கேட்டுப் பழகிய அதே கேள்விதான்.

"ரபீக்கா, ஒளிக்காமல் சொல்லுங்கோ. நான் மனேஜரா வந்தால் உங்களுக்குச் சம்மதமோ?"

ரபீக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். மழையைப் பார்க்கவில்லை. சாப்பிட்டாச்சோ என்று கேட்கவில்லை. என் முகத்தை நேரே பார்த்தார்.

"இல்ல சேர். உங்களவிட எனக்கு நல்லா ஏலும். நேற்றே விண்ணப்பம் குடுத்திட்டன்."