ஏற்றிவிட ஓர் ஆள்

டேப்பின் முனையை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தார், அது நிச்சயம், ஒரு நகக்கண் அளவு உள்பக்கமாக மடித்து, கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, அடுத்துப் பிரிக்கிறவர் முனையைத் தேடி அலைய வேண்டாமாம், அடுத்துப் பிரிக்கிறவர் யார், அவர் பெண்டாட்டி இவள்தானே, இவளோ பல்லால் கடித்துக் கிழித்து அப்படியே ஒட்டிவிடுகிறவள், முப்பத்தொரு வருஷமாக இதற்கொரு சண்டை... படகின் ஓரக் கம்பிகளில் துருத்திக்கொண்டிருந்த பின்களுக்கெல்லாம் டேப் சுற்றி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, டீயை வடிகட்டி வை, குழாய்க்கு வாஷர் வாங்கிட்டு வந்துடறேன், ரெண்டா வாங்கிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைப் பலகையில் டொக் டொக்கென்று நடந்து போனார். கடைக்காரர் வாஷர் டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போது ஸ்டூலில் உட்கார்ந்தவர்தான், எழவேயில்லை. நாலு நாள் கழித்துக் கடைக்காரரே அந்த இரண்டு வாஷரையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார், அளவு சரியா பாத்துக்கங்க என்றார், அளவு சரியாகத்தான் இருந்தது.

அது ஆகிப் பதினோரு மாதம், இப்போது அவள் தளத்திலிருந்து பதினைந்து அடி உயரத்தில், கயிற்றில் கட்டி ஏற்றும் துணி நாற்காலியில், பாய்மரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தாள், எதற்காக, உச்சியிலிருக்கும் நங்கூர விளக்கு எரியவில்லை என்பதற்காக, நாலு மணிக்குப் படகை வாங்க ஒரு ஜோடி வருகிறது என்பதற்காக, விளக்கெரியாத படகைக் காட்டினால் அவருக்கு அவமானம் என்பதற்காக... விற்கத்தான் போகிறாய், இதில் என்ன அவருக்கு அவமானம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், அதற்குள் நாற்காலி இன்னும் ஓர் அடி ஏறியது. கீழே கயிற்றை இழுக்கும் வின்ச்சின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது அவருடைய அக்கா, இவளுக்கு அண்ணி, முப்பத்தாறு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், படகைப் பற்றி இதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பாய்மர மெக்கானிக் காலையில் போன் பண்ணி இன்றைக்கு வர முடியாது என்றதும், இவள் தலையில் கை வைத்து உட்கார்ந்ததும், "ஏன், எனக்குக் கை இல்லையா?" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டவர். நாற்காலிப் பையில் என்னென்ன போகிறது என்று முதலில் எண்ணினார், ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு, இடுக்கி ஒண்ணு, பல்பு ரெண்டு, டேப் ஒண்ணு, பஞ்சு ஒரு சுருள், எண்ணி முடித்து, "போனது அத்தனையும் திரும்பி வரணும், மேல எதையும் வச்சுத் தைச்சுட்டு வந்துடாத" என்றார், எதிர்ப் படகில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயின்டர் தூரிகையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

முதல் தடவைக்குப் பரவாயில்லையே என்று நினைத்தாள், குலுக்கல் இல்லை, கயிறு சீராக வந்தது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே உருளையில் மூன்று சுற்றுப் போட்டார், கைவாக்கு அப்படி, உடம்பையே தைப்பதற்கு எடுத்துக் கொடுத்தவருக்கு ஒரு கயிறு என்ன பெரிய காரியம். ஆனால் வாய்தான். பாய்மரத்தில் ஆள் இருக்கும்போது மூன்று வார்த்தைக்கு மேல் பேசக்கூடாது என்பது கணவர் வைத்த சட்டம், ஏத்து, நிறுத்து, இறக்கு, வேறு எதுவும் கிடையாது, கல்யாண நாள் வாழ்த்தாக இருந்தாலும் இறங்கி வந்து சொல். அண்ணியோ ஏறத் தொடங்கியதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் மூட்டுவலி, மருமகள் மைக்ரோவேவை எரித்தது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே சுற்றினார், அந்தக் குரல் பாய்மரத்தின் அலுமினியத்தில் ஏறி இவள் முழங்காலில் கிணுகிணுத்தது, கேட்கச் சுகமாகவும் இருந்தது. அவள் கம்பி வடத்தில் பஞ்சை வைத்து அழுத்தி இழுத்துக்கொண்டே போனாள், வடத்தில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் பஞ்சு அதில் சிக்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாதது பஞ்சுக்குத் தெரியும், இது அவர் லிஃப்ட் வேலையிலிருந்து கொண்டுவந்த வித்தை... லிஃப்ட் மெக்கானிக், ஊரில் பாதிப் பேரை மேலே அனுப்பியவர், நாலாவது மாடி பால்கனியில் துணி காயப்போடச் சொன்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். அதெப்படி, லிஃப்ட் குழிக்குள்ளே இருபது மாடி தொங்குறீங்களே என்று கேட்டால், அங்க இருட்டு, ஆழம் தெரியாது, எல்லாம் கைதான் பாத்துக்கும் என்பார். அதனால்தான் படகில் பாய்மரம் ஏறுவது எப்போதும் இவள், ஐம்பத்திரண்டு கிலோ, கீழே கைப்பிடி எப்போதும் அவர், அண்ணாந்த முகம், அவளைப் பார்க்கும்போதே அவருக்குத் தலை சுற்றும்.

பாய்மரத்தின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குறுக்குக் கைகளைத் தாண்டியதும் காற்று வந்தது, ஆ, இதுதான், இதற்காகத்தான், கீழே இல்லாத காற்று, முகத்தில் உப்பு, சேலையெல்லாம் சரிப்படாது என்று அவருடைய பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள், இடுப்பில் கயிறு கட்டி, அது காற்றில் படபடவென்று அடித்தது, சிரிப்பு வந்தது, துக்கத்தில் இருக்கிற பெண் இப்படிச் சிரிக்கலாமா, யார் பார்க்கிறார்கள், கடற்பறவை பார்க்கிறது, பார்க்கட்டும். மூன்று வருஷம் பிடித்தது இந்தப் படகைத் தூரப் பயணத்துக்குத் தயார் செய்ய, படகு சாய்ந்தாலும் பாத்திரம் சாயாத அடுப்பு, மழைத் தண்ணீர் பிடிக்கிற துணி, சூரியத் தகடு, எல்லாவற்றிலும் இரண்டு. தண்ணீர் இறைக்கும் பம்பு இரண்டு, திசைகாட்டி இரண்டு, டப்பா திறப்பான் இரண்டு, இரண்டாவது டப்பா திறப்பானை எதற்கென்று இவள் கேட்டபோது, நடுக்கடல்ல கடை கிடையாது என்றார், நடுக்கடலில் உங்களைப் போல இன்னொன்று எங்கே வாங்குவது என்று இவள் கேட்டாள், விளையாட்டுக்குத்தான், அவர் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார்... பம்பை மாற்றலாம், பாயைத் தைக்கலாம், தனியாகவே கடலோடலாம், எத்தனையோ பேர் போகிறார்கள், ஆனால் இந்தப் பாய்மரத்தின் நாற்பத்தாறு அடியை மட்டும் தனியாக ஏற முடியாது, ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும், அதுவும் யாரோ ஓர் ஆள் போதாது, உயிரைக் கையில் கொடுத்துவிட்டு மேலே கவலையில்லாமல் வேலை பார்க்கிற மாதிரி ஓர் ஆள். அந்த ஆள் இல்லை. அதனால் படகு விற்பனைக்கு. இவ்வளவுதான் கணக்கு, இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை.

"நிறுத்து!" என்று கத்தினாள், நாற்காலி உடனே நின்றது, அண்ணியின் மருமகள் கதையும் பாதியில் நின்றது. உச்சி. விளக்கின் மூடியைத் திருகினாள், பல்பின் கால்கள் பச்சை பூத்திருந்தன, சுரண்டிவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும், அதற்கு முன் ஒயரில் சுற்றியிருந்த டேப்பைப் பிரிக்க வேண்டும், பல் படுகிற இடம் இல்லையே என்று நகத்தால் முனையைத் தேடினாள், தேட வேண்டியிருக்கவில்லை. முனை மடித்திருந்தது. நகக்கண் அளவு, உள்பக்கமாக.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது இவள் சுற்றியதில்லை, இவள் இப்படிச் சுற்றியதே இல்லை, மெக்கானிக் இந்த விளக்கைத் தொட்டதில்லை, அப்படியானால்... இரண்டு வருஷத்துக்கு முன்னால், பேரன் பிறந்தபோது மூன்று வாரம் மகள் வீட்டில் இருந்தாள், அப்போதுதான் இந்த விளக்கு அணைந்தது, நான் வந்து ஏறிக்கறேன், சும்மா இருங்க என்று போனில் சொன்னாள், திரும்பி வந்தால் விளக்கு எரிகிறது, அடியில ஒயர் லூஸா இருந்துச்சு, முடுக்கினேன், சரியாயிடுச்சு என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் திருப்பியிருப்பார் என்று நினைத்தாள். துணி காயப்போட மாட்டாதவர். சுவரோடு ஒட்டுகிறவர். இங்கேயா?

"அண்ணி! இவரு மேல வந்திருக்காரா?"

"யாரு?"

"உங்க தம்பி!"

கீழே அண்ணி உருளையிலிருந்த மூன்று சுற்றையும் மறுபடி எண்ணிப் பார்த்தார். பெயின்டர் தூரிகையை டப்பாவுக்குள் வைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"சத்தியம் வாங்கிட்டான்மா," என்றார் அண்ணி கடைசியில். "நீயா கண்டுபிடிச்சா நான் சொன்னதா ஆகாது, இல்ல?"

"ஆகாது, சொல்லுங்க!"

அப்புறம் எல்லாம் வந்தது, துறைமுகம் முழுக்கக் கேட்க, நாற்பத்தாறு அடிக்குக் கீழேயிருந்து. "நீ பேரனைப் பார்க்கப் போனதும் தினம் போன் பண்ணி உயிரை வாங்கினான். வா, கத்துக்கோ, வா, கத்துக்கோன்னு. மூணு சுத்து போடு, கயிறு மேல கயிறு ஏறக்கூடாது, மூணு வார்த்தைதான் பேசணும். எனக்கு மூணு வார்த்தை எப்படிம்மா பத்தும்? முதல்ல தண்ணி கேனைக் கட்டி ஏத்தச் சொன்னான். அப்புறம் ரெண்டு கேன். அப்புறம் அவனே ஏறி உக்காந்துட்டான், எழுபத்தெட்டு கிலோ, எனக்குத் தோள்பட்டை கழண்டு போச்சு."

"கண்ணைத் தொறந்தாரா?"

"தொறந்துட்டேன்னுதான் கத்தினான். இறங்கினதும் மேல என்னடா இருந்துச்சுன்னு கேட்டேன். ரொம்ப அழகா இருந்துச்சுக்கான்னான். என்ன அழகுன்னா முழிக்கறான். இருட்டுலயே வேலை பாத்தவன், கண்ணை மூடிக்கிட்டே விளக்கையும் மாட்டிட்டு வந்துட்டான் திருட்டுப் பய."

அவள் சிரித்தாள், நாற்காலி ஆடியது, பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மூக்கு ஒழுகியது, துடைக்கப் பஞ்சு இருந்தது. எதற்கு, எதற்காக என்று கேட்க நினைத்தாள், கேட்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது, இதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், புதுக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டி முடித்ததும் முதலில் மூட்டை ஏற்றுவார், பிறகு மூட்டையை இறக்கிவிட்டுத் தான் மட்டும் ஏறிக் கதவை மூடிக்கொள்வார், மேலே போய்க் கீழே வருவார், அதற்கப்புறம்தான் மற்றவர்கள் கால் வைக்கலாம், தான் தொங்கிப் பார்க்காத வடத்தில் அவர் யாரையும் ஏற்றியதில்லை.

"எதுக்கும் ரெண்டு வேணும்பானே," அண்ணியின் குரல் கொஞ்சம் கரகரத்து ஏறி வந்தது, "என்னையும் ஒரு ஸ்பேர் பார்ட்டா வாங்கி வச்சுட்டான்."

"விக்கப் போறேன்னு சொன்னேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஆள் இல்லை, ஆள் இல்லைன்னு ஊரெல்லாம் புலம்பின. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நானா வந்து, வாம்மா கடலுக்குப் போலாம்னு கூப்பிடணுமா, என் வயசென்ன?"

"உங்களுக்குப் படகே பிடிக்காதே அண்ணி!"

"பிடிக்காதுதான். பிடிச்சு வச்சுக்கத் தெரியும்ல?"

"வாந்தி வரும்!"

"முப்பத்தாறு வருஷம் பாக்காத வாந்தியா? வேலையைப் பாரு, கை வலிக்குது."

கை வலிக்க வழியில்லை, கயிற்றை வின்ச் கவ்விக்கொண்டிருக்கிறது, ஆனாலும் அண்ணி கைப்பிடியை விடவில்லை, மேலிருந்தே தெரிந்தது, நரைத்த உச்சந்தலையும் இரண்டு முழங்கையும். அவள் டேப்பைப் பிரித்தாள், மடிப்பைப் பிடித்து இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது, எவ்வளவு சுலபம், முப்பத்தொரு வருஷச் சண்டையில் அவர் பக்கம்தான் நியாயம் என்று இப்போதா ஒத்துக்கொள்வது, யாரிடம். புதுப் பல்பைப் பொருத்தினாள், கைப்பிடிக்குப் பக்கத்திலிருந்த ஸ்விட்சைப் போடச் சொன்னாள், வெயிலில் எரிகிறதா இல்லையா என்று தெரியவில்லை, இரண்டு கையையும் குவித்து மறைத்து எட்டிப் பார்த்தாள், உள்ளே எரிந்தது. அவர் கண்ணை மூடியிருந்தது பயத்தால் மட்டும்தானா, லிஃப்டுக்குள் நிற்கும்போதும் மூடிக்கொள்வாரே, கேட்பதற்காக, வடம் எப்படிப் பேசுகிறது, பிரேக் எப்படி மூச்சுவிடுகிறது என்று... இங்கேயும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாரோ, கீழே சுற்றுகிற கையைக் கேட்டுக்கொண்டு, இந்தக் கை போதுமா, இவளுக்குப் போதுமா என்று, போதும் என்று தோன்றித்தான் இறங்கி வந்து வெங்காயம் நறுக்கினாரோ.

படகுத்துறை வாசலில் மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள், தரகர் முன்னால், பின்னால் இளம் ஜோடி, கைகோர்த்துக்கொண்டு, நாலு மணியாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, ஆசைப்பட்டு முன்னாலேயே வந்துவிட்டார்கள், பாவம், அந்தப் பெண் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள், அழகான பெண். நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களிடம் என்ன சொல்வது, அண்ணியை வைத்துக்கொண்டு கடலுக்குப் போவதா, இரண்டு கிழவிகள், ஒருத்தி வாய் ஓயாதவள்... சிரிப்பு மறுபடி வந்தது. தரகர் ஒரு காலைத் தூக்கித் தளத்தில் வைக்கப் போனார்.

"வந்துட்டாங்கம்மா," அண்ணி கூவினார். "என்ன சொல்லட்டும்?"

அவள் வாயைத் திறந்தாள், என்ன வரப்போகிறதென்று அவளுக்கே தெரியவில்லை.

"முதல்ல செருப்பைக் கழட்டச் சொல்லுங்க அண்ணி," என்றாள், "தளமெல்லாம் கீறிடும்."

தன் குரலைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இது விற்க வந்தவள் குரலா, வீட்டுக்காரி குரலா... கீழே இறக்கச் சொல்லவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் காற்றின் திசை காட்டும் உச்சித் தகடு லேசாக ஆடி நின்றது. காற்று, காலையில் அடித்த மாதிரியே, கரையிலிருந்து கடலைப் பார்த்துத்தான் அடித்துக்கொண்டிருந்தது.