முன்னால் ஒரு கேமரா, பின்னால் ஒரு கேமரா

ரிப்பேர் வேலை பார்க்கிற லிஃப்ட்காரருக்கு ஊரிலுள்ள அத்தனை லிஃப்டும் அத்துப்படி. ஆனால் தன் மோட்டார் சைக்கிளில் இண்டிகேட்டர் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். இது அவர் மனைவி சொல்வது. தையல் கடை வைத்திருப்பதால் தெருவுக்கே அவள் டெய்லரம்மா.

"பச்சைப் பொய்," என்பார் அவர். "பதினோரு வருஷமா ஓட்டுறேன், வண்டியில ஒரு கீறல் உண்டா? ரோட்டுல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. பஸ்காரனே வழி விடுறான்."

அதுவும் நிஜம்தான். தினமும் அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கடையில் இறக்கிவிடுவார், சாயங்காலம் கூட்டி வருவார். வழியெல்லாம் ராஜ மரியாதை. அவளை இறக்கிவிட்டுத் தனியாக வேலைக்குக் கிளம்பினால் மட்டும் ஊரில் உள்ள காட்டுமிராண்டிகள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். வேலைக்குப் போகிற அவசரம், பாவம், என்று பெரிய மனசோடு விட்டுவிடுவார்.

போன மாதம் டெய்லரம்மா லைசென்ஸ் வாங்கிவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, முதல் தடவையிலேயே பாஸ். அவளுக்கு ஒரே ஒரு ஆசை, கடைக்கு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சாவியைக் கேட்டால் மனிதர் பிடி கொடுக்கவில்லை. "லைசென்ஸ் வேற, ரோடு வேற" என்று ஒரே பாட்டு.

மூன்றாவது முறை இதைக் கேட்டதும் அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "சரிங்க. வண்டிக்குக் கேமரா மாட்டுவோம். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. ஒரு வாரம் ஓடட்டும். நீங்க ஒழுங்கா ஓட்டுறீங்கன்னு தெரிஞ்சா நான் சாவியைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். இல்லைன்னா சாவி என் கைக்கு வரணும்."

"வாங்குடி கேமராவை," என்றார் லிஃப்ட்காரர்.

அவள் தம்பிக்கு வண்டி ஒயரிங் பார்க்கிற கடை. கேமரா செட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நானே மாட்டித் தரேன் மாமா," என்றான். மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இருபது மாடி லிஃப்டுக்கு ஒயர் இழுத்தவன்டா நான். போய் உன் கடையைப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி சீட்டைக் கழற்றினார். ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு கேமரா, நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு கேமரா, படம் பதிகிற பெட்டி சீட்டுக்கு அடியில். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. முன் கேமராவின் ஒயர் மட்டும் பெட்ரோல் டேங்குக்கு அடியில் நுழைய மாட்டேன் என்று அடம் பிடித்தது. அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினார். டெய்லரம்மா உள்ளே போய் நாடா கோக்கிற ஊசியை எடுத்து வந்தாள். ஒயர் முனையை அதில் கட்டி, பாவாடைக்கு நாடா கோப்பது போல ஒரே இழுப்பில் மறுபக்கம் எடுத்தாள்.

"அதிர்ஷ்டம்," என்றார் அவர்.

இனி கரண்ட் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. பெட்டியில் மூன்று ஒயர். கறுப்பு எர்த்துக்கு. மஞ்சள் பேட்டரிக்கு. சிவப்பை, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற இடத்தில் கொடுக்கச் சொல்லி அட்டையில் போட்டிருந்தது. அவர் அட்டையைப் படித்தால்தானே. லிஃப்ட் தொழிலில் கரண்ட் ஒரு நொடி நிற்கக்கூடாது. ஆள் நடுவில் மாட்டிக்கொள்வான். அந்தப் பழக்கத்தில் சிவப்பையும் நேரே பேட்டரியில் முடுக்கிவிட்டார். விளக்கு எரிந்தது. மீசையைத் தடவிக்கொண்டார்.

சாவியை எடுத்தது கேமராவுக்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு விடிய விடியக் காம்பவுண்டு சுவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் ஸ்டார்ட்டரை அமுக்கினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி படுத்துவிட்டது.

தள்ளித்தான் ஆக வேண்டும். தள்ள ஒருவர், உட்கார ஒருவர். வேறு வழியில்லாமல் அவளை முன்னால் உட்கார வைத்து அவர் தள்ளினார். இரண்டாவது கியரில் அவள் கிளட்சை விட்டாள், வண்டி உறுமியது. தெருமுனை வரை போய், இண்டிகேட்டர் போட்டு, அழகாகத் திரும்பி வந்தாள். வண்டியில் உயிர் வந்ததும் கேமராவுக்கும் உயிர் வந்தது. அதில் பதிந்த முதல் மனித முகம், நடுத்தெருவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிற லிஃப்ட்காரருடையது.

சாயங்காலம் மச்சினன் ஒயரிங்கைப் பார்த்துவிட்டு, "லிஃப்ட் வேற, வண்டி வேற மாமா," என்றான். சிவப்பு ஒயரைப் பின்விளக்கு ஒயரோடு சேர்த்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ் போட்டான். "இனி நீங்க சாவியை எடுத்தா அதுவும் தூங்கும்."

வாரம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில், படம் ஏற்றிய ஃபோனை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தார்கள். பின் கேமராவில் படத்தின் இரண்டு ஓரத்திலும் இண்டிகேட்டர்கள் தெரிந்தன. வண்டி வலது பக்கம் திரும்புகிறது, இண்டிகேட்டர் எரியவில்லை. அடுத்த திருப்பம், எரியவில்லை. அதற்கடுத்ததும் இருட்டு.

"சரி, மறந்திருப்பேன்," என்றார் லிஃப்ட்காரர். "ஆனா பஸ்காரன் எப்படி ஒதுங்கி நிக்கிறான் பாரு. சிரிச்சுத் தலையாட்டுறான் வேற. ஓட்டுற விதத்தைப் பார்த்து வர்ற மரியாதை அது."

"அப்ப தனியா போறப்ப மட்டும் ஏன் மாமா இந்தக் கச்சேரி?" மச்சினன் வேறொன்றைப் போட்டான். அக்காவை இறக்கிவிட்ட மறு நிமிடத்திலிருந்து ஒரே ஹாரன்.

டெய்லரம்மாவுக்கு மட்டும் காரணம் தெரியும். அவள் தலை நிமிராமல் வெண்டைக்காய் நறுக்கினாள்.

அப்போதுதான் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துப் படம் வந்தது. எதிர்வெயில். வண்டியின் நிழல் பின்னால் ரோட்டில் நீளமாக விழுந்திருந்தது. நிழலில் இரண்டு தலைகள். திருப்பம் வரும்போது, பின்சீட்டுத் தலைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை நேராக வெளியே நீண்டது. கை விரிந்து, மெல்ல மெல்ல என்று காற்றைத் தட்டியது. பஸ் நின்றது. வண்டி திரும்பியதும் அந்தக் கை நன்றி சொல்வது போல ஒருமுறை உயர்ந்து இறங்கியது.

லிஃப்ட்காரர் அதையே மூன்று தடவை போட்டுப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை நாளா?"

"கல்யாணமான மூணாவது மாசத்துல இருந்து. முதல் ரெண்டு மாசம் வாயாலதான் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள்ள கேக்கலைன்னீங்க. சரி, கை இருக்கேன்னு விட்டுட்டேன்."

"நீ லூசுக்கா," என்றான் தம்பி. "இந்த ஒரு வாரம் கையைச் சும்மா வெச்சிருந்தா திங்கட்கிழமையே சாவி உனக்குத்தான்."

"ஜெயிக்கிறதுக்காக மனுஷனைப் பஸ்ஸுக்கு முன்னால விடச் சொல்றியா?" என்று சொல்லிவிட்டு அடுத்த வெண்டைக்காயை எடுத்தாள்.

பல ராத்திரி அவள் வலது தோள் வலிக்கிறது என்பாள். கத்தரி பிடிச்ச வலி என்று நினைத்து அவர்தான் தைலம் தேய்த்துவிடுவார். எந்த வலி அது என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, அவள் மேல் ஆசையாகவும் இருந்தது. எழுந்து போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து வெண்டைக்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் காலை அவள் முன்னால், அவர் பின்னால். முதல் திருப்பத்தில் அவள் இண்டிகேட்டர் போட்டாள். அவரும் வலது கையை நீட்டினார்.

"விளக்கு எரியுதுங்க. கையை இறக்குங்க."

"இருக்கட்டும், நீ ஓட்டு."

சிக்னலில் அந்தப் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் ஜன்னல் வழியே எட்டி, பின்சீட்டில் மீசையைப் பார்த்துக் குழம்பினார். "என்ன சார், தினமும் கை காட்டுவாங்களே, அந்த அம்மா வரலையா?"

லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, நீட்டிய கையை அப்படியே முன்னால் திருப்பிக் காட்டினார்.

"இதோ, அவங்கதான் ஓட்டுறாங்க."