வடிவாய்க்காலுக்கு ஒரு மன்றாட்டு

ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறதோ தெரியாது. இருதயம்மாள் ஒரு வருஷமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். மகளைப் பறிகொடுத்தவள் பாலும் வாங்கி வைத்திருக்க வேண்டும், சர்க்கரையும் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வருகிறவர்கள் இரண்டு வாய் குடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆண்டவர் அவள் மகளை ஏன் எடுத்துக்கொண்டார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். காரணத்துக்கா பஞ்சம்? குத்தாலம் சந்தையில் கத்தரிக்காய்கூட அத்தனை தினுசு கிடையாது.

முதலில் வந்தவள் செபக்கூட்டம் நடத்தும் ரோஸ்லின். "ஆண்டவர் தன் தோட்டத்துல நல்ல பூவாப் பாத்துத்தான் அக்கா முதல்ல பறிப்பார்" என்றாள்.

"அப்ப உன் வீட்டுல மூணு பூ நிக்குதே, அதெல்லாம் என்ன வாடலா?" என்று கேட்டாள் இருதயம்மாள்.

ரோஸ்லின் பாதிக் காப்பியோடு எழுந்து போனாள். பதினைந்து நாள் கழித்து வேறு காரணத்தோடு வந்தாள். இருதயம்மாளின் செத்துப்போன புருஷன் வகையில், மூன்று தலைமுறைக்கு முன்னால் யாரோ பாவம் செய்திருக்கிறார்களாம். அந்தப் பாவம் மூன்று தலைமுறை வழி விசாரித்துக்கொண்டு வந்து, சரியாக ஜெனித்தின் தலையில் இறங்கியதாம். இதற்கும் ஒரு காப்பி.

ஜெனித்துக்குப் பதினேழு வயது. போன வருஷம் கார்த்திகை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது, நாலு நாள் விடாத மழையில் கீழத்தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். காலையில் எல்லாரும் ஒதுங்க இடம் தேடிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனார்கள். அடைகாத்த கோழி கூடையோடு உள்ளே இருக்கிறதே என்று ஜெனித் பாதி வழியிலிருந்து திரும்பினாள். ஊறிப்போன மண்சுவர் அவள்மேல் சாய்ந்தது. கோழி பிழைத்துக்கொண்டது. கோழி விஷயத்தில் ஆண்டவருக்குத் திட்டம் ஏதும் இல்லை போலிருக்கிறது.

கீழத்தெருவில் முன்பும் தண்ணீர் நிற்கும். ஒரு நாள் நிற்கும், மறுநாள் வடிந்துவிடும். தெருவையும் கல்லறைத் தோட்டத்தையும் ஐம்பது ஏக்கர் நஞ்சையையும் வடித்து, ரோட்டு மதகு வழியாக வெளியே தள்ள ஒரு வடிவாய்க்கால் இருந்தது. அது இருந்த இடத்தில்தான் இப்போது கெபி இருக்கிறது.

கெபியைக் கட்டியவர் பெரியநாயகசாமி. பதினாலு வருஷம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவைக்குத் தலைவர். நல்லபடியாக ஊர் திரும்பினால் மாதாவுக்குக் குகை மாதிரி ஒரு கெபி கட்டி, சுரூபம் வைப்பதாக நேர்ந்திருந்தார். நேர்ந்துகொண்டது சரி. கோயிலுக்குப் பின்னால் அரை ஏக்கர் சும்மா கிடந்ததே, அங்கே கட்டியிருக்கலாம். ஆனால் அங்கே கட்டினால் மாயவரம் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியாது. பஸ்ஸில் போகிறவன் எட்டிப் பார்த்து, யார் கட்டியது என்று கேட்காத கெபி என்ன கெபி? ரோட்டோரம் வாய்க்கால் திரும்பும் முக்குதான் அவர் கண்ணில் பட்டது.

அது அந்த மழைக்கு முந்தின சித்திரை மாதம். ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று நாலைந்து வருஷமாக ஊரே மேட்டூரைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்த நேரம். வாய்க்காலுக்குள் ஆடு படுத்துக் கிடந்தது. "தண்ணியே வராத வாய்க்கால் இருந்தா என்ன, போனா என்ன?" என்றார் பெரியநாயகசாமி. ஊரும் தலையை ஆட்டியது. பாசன வாய்க்கால் ஆற்றைப் பார்த்துக் கிடக்கும், வடிவாய்க்கால் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். இந்தப் பக்கத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி அன்றைக்கு ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

தலையை ஆட்டியதோடு விட்டார்களா? மாதாவுக்கு ஒப்புக்கொடுக்கிறோம் என்று வீட்டுக்கு ஒரு ஆள் மண் சுமந்தார்கள். இருதயம்மாள் வீட்டிலிருந்து இரண்டு பேர். அவள் சுமந்தது முப்பது கூடை. ஜெனித் பள்ளிக்கூடம் விட்டு வந்து பத்துக் கூடை சுமந்தாள்.

அந்தப் பெரியநாயகசாமியும் ஆறுதல் சொல்ல வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். "ஆண்டவர் தனக்குப் பிரியமானவங்களத்தான் சோதிப்பார் இருதயம்" என்றார்.

"உங்கமேல அவருக்கு அவ்வளவு பிரியம் இல்ல போலருக்குண்ணே. மாடி வீட்டுல நல்லாத்தான இருக்கீங்க" என்றாள் இருதயம்மாள். "சோதிச்சது இருக்கட்டும். அந்த வாய்க்கால எப்பத் தொறக்கப் போறீங்க?"

அவர் சிரித்தார். "அதுக்கும் இதுக்கும் ஏம்மா முடிச்சுப் போடுற? அவருடைய வழி நமக்கு விளங்காத ரகசியம்."

என்ன ரகசியம்? தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும், அடைத்தால் நிற்கும், நின்றால் மண்சுவர் ஊறும். இதில் ரகசியம் எங்கே இருக்கிறது என்று இருதயம்மாளுக்கு விளங்கவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஒரு வாய்க்காலை ஆண்டவருக்குப் பின்னால் மறைப்பதை இப்போதுதான் பார்க்கிறாள்.

பங்குச் சாமியார் ஃபாதர் லியோ சின்ன வயசுக்காரர், ரோமாபுரி வரைக்கும் போய்ப் படித்தவர். அவர் பூ, சோதனை, பரம்பரைப் பாவம் என்றெல்லாம் பேசவில்லை. அந்த மட்டுக்கும் புண்ணியம். "ஆண்டவர் மனுஷனுக்கு சுதந்திரம் குடுத்திருக்காரும்மா. நல்லதும் செய்யலாம், கெட்டதும் செய்யலாம். அதுல அவர் கை வைக்கிறதில்ல" என்றார்.

"அதேதான் சாமி" என்றாள் இருதயம்மாள். "அந்த சுதந்திரத்துலதான் எங்க வாய்க்கால அடச்சாங்க. நீங்களும் வந்து தண்ணி தெளிச்சு மந்திரிச்சீங்க. ஆண்டவர்கிட்ட நான் கேக்க வேண்டியது வேற இருக்கு, அத நானும் அவரும் பேசிக்குவோம். நான் உங்ககிட்ட கேக்குறது வாய்க்கால."

ஃபாதர் லியோவின் முகம் சுண்டிப்போனது. "கெபிய இடிக்கச் சொல்றீங்களாம்மா?"

"மாதாவ யாரு சாமி இடிக்கச் சொன்னா? அவ பாட்டுக்கு நிக்கட்டும். முன்னாடி மூணு சிமெண்டுப் படி இருக்குல்ல, வாய்க்கால் அதுக்குக் கீழதான் போச்சு. அதையும் அடியில இருக்கிற மண்ணையும் எடுத்தாப் போதும்."

"பங்குப் பேரவைல வச்சுப் பேசணும்" என்றார் அவர். பேரவைக்குத் தலைவர் யார் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பக்கத்து வயல்காரர் தியாகராசன் வேறு வழியில் முட்டிப் பார்த்தார். அவருடைய சம்பாப் பயிரும் போன மழையில் அழுகிப்போயிருந்தது. தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில் மனு கொடுத்தார். வாய்க்கால் புறம்போக்குதான், சந்தேகமில்லை, ஆனால் மத விஷயமாயிற்றே என்று மனுவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். "நான் வேற மதத்துக்காரன், வாயத் தொறந்தா அது வேற மாதிரி போயிடும், இருதயம்மா" என்றார் தியாகராசன். "ரெண்டு பக்கமும் கொடியத் தூக்கிட்டு வந்துருவானுங்க. உங்க ஆளுங்ககிட்ட நீங்கதான் பேசணும்."

பேசினாள். ஒரு வருஷம் பேசினாள். பதிலுக்கு வந்ததெல்லாம் பூவும் சோதனையும்தான்.

அடுத்த ஐப்பசி பிறந்தது, பத்தாம் தேதி வாக்கில் மழையும் பிடித்தது. இருதயம்மாளின் மகன் குவைத்திலிருந்து அனுப்பியதில் விழுந்த சுவரை மட்டும் செங்கல்லில் எழுப்பியிருந்தார்கள். மற்ற மூன்றும் பழைய மண்சுவர். மழையின் ஆறாம் நாள் மருமகள் ஃபெபி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அத்தை, அடுப்படிச் சுவர் பொதுபொதுன்னு இருக்கு, கையை வச்சா உள்ள போகுது."

இருதயம்மாள் போய்த் தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஒரு ராத்திரி இந்தத் தண்ணீர் நின்றால் இந்தச் சுவரும் நிற்காது. ஃபெபியையும் பிள்ளையையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்தாள். எதற்கும் திரும்பி வரக்கூடாது என்று பிள்ளையின் தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் கல்லறைத் திருநாள். வழக்கமாகக் கல்லறைத் தோட்டத்தில்தான் பூசை நடக்கும். கல்லறைக்குக் கல்லறை பூவும் மெழுகுவத்தியும் வைப்பார்கள். இந்த வருஷம் அங்கே இடுப்புத் தண்ணீர். ஜெனித்தின் மரச்சிலுவை மொத்தமும் முங்கிக் கிடந்தது. அதனால் பூசையைக் கோயிலுக்குள்ளே வைத்தார்கள். வாங்கிய மெழுகுவத்தியை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் சனங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷத்தில் சாவு விழுந்த வீட்டிலிருந்து ஒருவர் மைக் முன்னால் வந்து ஒரு மன்றாட்டு வாசிக்க வேண்டும். வாசிக்கிறவர் 'உம்மை மன்றாடுகிறோம்' என்று முடித்தால், சனங்கள் மொத்தமாக 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று பதில் சொல்ல வேண்டும். காலங்காலமாகச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பதில் வந்துவிடும். எதற்குச் சொல்கிறோம் என்று கேட்டுவிட்டுச் சொல்கிறவர் யாரும் கிடையாது. அதிலும் முதல் வரிசையில் உட்காரும் பெரியநாயகசாமியின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்கும். கேட்க வேண்டும் என்றுதானே சொல்வது.

வாசிக்க வேண்டியதை ரோஸ்லின் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். துன்பங்களை உமது திருவுளமாக ஏற்றுப் பொறுமையோடு சுமக்க வரம் தாரும் என்று குண்டு குண்டான எழுத்தில் இருந்தது. இருதயம்மாள் மைக் முன்னால் போய் நின்றாள். சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். மைக்கைத் தன் வாய்க்கு நேராக இறக்கிக்கொண்டாள்.

"என் மகள் ஜெனித்துக்காக. ரோட்டு முக்குல இருக்கிற கெபியோட மூணு படியையும் இன்னிக்குப் பூசை முடிஞ்ச கையோட பெயர்த்து எடுத்து, வடிவாய்க்கால வெட்டித் தொறந்துவிட, பெரியநாயகசாமி அண்ணனுக்கும் இந்த ஊருக்கும் நல்ல மனசு தர வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில் மொத்தமும். பெரியநாயகசாமியின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. முன்னூறு பேர் மெழுகுவத்தியும் கையுமாக ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். பெரியநாயகசாமியின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. மன்றாடியது அவருக்காக, மன்றாடியவரும் அவர். பீடத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தையை எந்தப் பேரவையில் வைத்துத் திரும்ப வாங்குவது?

"மம்முட்டி வெளியில சாத்தி வச்சிருக்கேன்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு இருதயம்மாள் இடத்துக்குப் போனாள்.

பூசை முடிந்தது. ஃபாதர் லியோ பூசை உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு முதல் ஆளாகக் கெபி முக்குக்கு வந்து தண்ணீரில் இறங்கினார். அவர் இறங்கிய பிறகு யார் கரையில் நிற்க முடியும்? கடப்பாறை வந்தது. தகவல் போய், தியாகராசன் தன் ஆட்களோடு மதகுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பெரியநாயகசாமி கொஞ்ச நேரம் மாதாவைப் பார்த்தார், கொஞ்ச நேரம் சனங்களைப் பார்த்தார். இரண்டு பக்கமும் தப்பிக்க வழி தெரியாமல் இருதயம்மாளின் மம்முட்டியை வாங்கி வெட்டினார். சிங்கப்பூரிலேயே மரத்துப்போன முதுகு, நாலு வெட்டுக்கே மூச்சு வாங்கியது. அவர் நிறுத்தியதும் இருதயம்மாள் வாங்கி வெட்டினாள். எந்தக் கூடை அவள் கொட்டியது, எந்தக் கூடை ஜெனித் கொட்டியது என்று அந்த மண்ணுக்குத் தெரியாது.

மத்தியானம் தண்ணீர் மதகைப் பிடித்தது. மூன்று மணிக்குக் கீழத்தெருவில் கணுக்கால் அளவுக்கு இறங்கியது. கல்லறைத் தோட்டத்தில் சிலுவைகளின் தலைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. மாதா எப்போதும்போலக் கைகூப்பி நின்றாள். படிகள் போனதற்கு அவள் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பெரியநாயகசாமிக்கு மூச்சு திரும்பியிருந்தது, பேச்சும் திரும்பியிருந்தது. சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நாலு பேர் கேட்கும்படி சொன்னார்: "பாத்தியா இருதயம், காலையில மன்றாடினோம், சாயங்காலத்துக்குள்ள ஆண்டவர் கேட்டுட்டார். எல்லாம் அவர் செயல்."

இருதயம்மாள் மம்முட்டியின் சேற்றைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"போன வருஷமும் இந்த மம்முட்டி என் வீட்டு மூலையிலதாண்ணே இருந்துச்சு" என்றாள்.

அதைச் சொன்ன பிறகுதான், ஒரு வருஷமாக வராத அழுகை அவளுக்கு வந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருத்தரும் ஆறுதல் சொல்ல வாயைத் திறக்கவில்லை.