மார்க்கண்டு எழும்பாத பத்தொன்பது நாட்கள்

படத்துக்காகச் செத்த மார்க்கண்டு, காட்சி முடிந்த பிறகும் எழும்பவில்லை. இது நடந்தது புரட்டாசி மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, அரியாலை கிழக்கில், கடல்நீரேரிக்கு இந்தப் பக்கம் அந்த வருடம் விதைக்காமல் விட்டிருந்த ஒரு வயலில். பிற்பகல் நான்கு மணி இருக்கும். அவருக்கு உயிர் இருந்தது, நினைவு இருந்தது, பசியும் இருந்தது. கையைக் காலை ஆட்டினார், தலையைத் திருப்பினார். முதுகு மட்டும் நிலத்தை விட்டு வரவில்லை. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நோவும் இல்லை. எழும்பேலாமக் கிடக்கு, அவ்வளவுதான்" என்று சுற்றி நின்றவர்களுக்கு அவரே விளங்கப்படுத்தினார்.

மார்க்கண்டுவுக்கு வயது ஐம்பத்திரண்டு. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓடுபவர். பெற்றோல் கிழமைக்கு ஐந்து லீற்றர் என்று பங்கிட்ட வருடம் அது. ஓட்டோ பாதி நாள் சும்மா நின்றது. லண்டனிலிருந்து வந்த படக்காரர் "அண்ணை, விழுந்து கிடந்தால் காணும்" என்று கேட்டபோது சரி என்றார், வேறு ஆசை ஒன்றும் அவருக்கு இல்லை. படத்தை எடுத்தவர் ஜொனதன். மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் குடும்பத்துப் பிள்ளை, மூன்று வயதில் தாய் தகப்பனோடு கடல் கடந்தவர். தமிழ் தட்டித் தடவித்தான் வரும், ஆனால் ஆள் நேர்மையானவர். படம் போரின் கடைசி மாதங்களைப் பற்றியது. அதிலிருந்து தப்பி வந்தவர்களோடு நான்கு வருடம் கதைத்துக் கொப்பி கொப்பியாக எழுதி வைத்திருந்தார். பேரழிவைக் காட்டுகிற படங்கள்மேல் அவருக்குத் தீராத கோபம். ஒருவன் செத்தவுடன் பின்னணியில் இசை எழும்பும், மழை பெய்யும், மனைவி ஓடிவந்து தலையை மடியில் தூக்கி வைப்பாள், கமெரா அவளைச் சுற்றிச் சுற்றி வரும். அதெல்லாம் பொய், சனத்துக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை என்று எல்லோருக்கும் சொன்னார். ஆகவே அவருடைய படத்தில் மார்க்கண்டு விழுவார், அவருடைய மனைவியாக வருபவள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி தாண்டிப் போவாள், நிற்கமாட்டாள், குனிந்து பார்க்கவும் மாட்டாள். ஜொனதன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. கரைச்சல் வந்ததே அதனால்தான்.

மனைவியாக வந்தவள் குணலட்சுமி, அரியாலையில் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள், நாற்பத்து நான்கு வயது. அவளுடைய கணவன் சிவகரன் அந்தக் கடைசி மாதங்களில், முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று ஒரு பிளாஸ்டிக் கானோடு போனவன். அவன் போன பின் ஷெல் விழுந்தது, சனம் கிளம்பிவிட்டது, மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு அவளும் சனத்தோடு சனமாக நடந்துவிட்டாள். பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பதின்மூன்று வருடமாக அவள் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. அரசாங்கக் கந்தோரில் மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றபோது, "அதைச் செத்தவைக்குக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தவள். கலியாண வீடுகளில் அவளுடைய பொட்டைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்கள் உண்டு. அவர்களுக்கும் அவள் அளவு பிசகாமல் தைத்துக் கொடுத்தாள். படத்தில் நடிக்க ஏன் சம்மதித்தாள் என்று பிறகு பலர் கேட்டார்கள். நடக்கத்தானே சொன்னார்கள் என்றாள்.

அந்தக் காட்சியைப் பதினான்கு தரம் எடுத்தார்கள். முதல் தரம் ஓர் ஆடு குறுக்கே வந்தது. மூன்றாம் தரம் கொழும்பு ரயில் கூவியது. இரத்தத்துக்காகப் பூசிய சீனிப்பாகைத் தேடி எறும்பு வந்து, ஆறாம் தரம் பிணம் காலைச் சொறிந்தது. மற்றவை வெளிச்சம் காணாது, தூசி காணாது என்ற குறைகள். குணலட்சுமியில் மட்டும் ஒரு குறையும் இல்லை. பதினான்கு தரமும் துணிப் பொம்மையை இடுப்பில் வைத்து, ஒரு கையால் அதன் கண்ணைப் பொத்தி, முன்னால் போகிறவரின் குதிக்காலை மட்டும் பார்த்தபடி மார்க்கண்டுவைத் தாண்டிப் போனாள். கண்ணைப் பொத்தும்படி அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஜொனதன் அதைக் கண்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்றைய வேலை முடிந்ததும், காட்சி தொடங்க முன்பே செத்துக் கிடந்த இருபத்திரண்டு பேரும் எழும்பித் தூசு தட்டித் தேநீர் குடிக்கப் போனார்கள். கமெராவுக்கு முன்னால் விழுந்த மார்க்கண்டு மட்டும் கிடந்தார்.

முடிந்துவிட்டது என்று சொன்னது கேட்கவில்லையோ என்று ஒலிபெருக்கியில் மூன்று தரம் சொன்னார்கள். எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினார்கள், சட்டை கிழிந்தது. டொக்டர் வந்து நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, தன்னைவிட இவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்றார். முதுகுக்குக் கீழே மண்ணைத் தோண்டினார்கள்; தோண்டத் தோண்ட அவரும் மண்ணோடு கீழே இறங்கியதால், அது வேறு மாதிரி முடிந்துவிடும் என்று பயந்து ஒரு சாணோடு நிறுத்திவிட்டார்கள். ஐயர் வந்தார், பாதிரியார் வந்தார், உயிரோடு இருப்பவருக்குச் செய்ய என்ன இருக்கிறது என்று இருவரும் ஒரே கருத்தாகத் திரும்பினார்கள். கிராமப் பதிவுகளைப் பார்க்கிற விதானையார் அந்த வயலைத் தற்காலிக முகவரியாகப் பதிந்துகொண்டு போனார். மார்க்கண்டுவின் மனைவி பத்மாவதி நான்கு தடி நட்டு மேலே கூரையாக நீலப் படங்கு கட்டி, காலையும் பின்னேரமும் புட்டும் குழம்பும் கொண்டுவந்து ஊட்டினாள். மற்ற அலுவல்களையும் அவளே பார்த்தாள், அதை எழுதத் தேவையில்லை. படக்காரர்கள் மிச்சப் படத்தை எடுத்து முடித்துப் பெட்டி கட்டினார்கள். ஜொனதன் மட்டும் பயணத்தை இரண்டு தரம் தள்ளிப்போட்டு, ஒவ்வொரு நாளும் வந்து வரம்பில் குந்தியிருந்து மன்னிப்புக் கேட்டார். "நீர் என்ன செய்வீர் தம்பி, நடந்ததைத்தானே எடுத்தனீர்" என்று மார்க்கண்டு அவரைத் தேற்றினார்.

பத்தாம் நாள் போல ஊரில் ஒரு கதை பரவியது. விழுந்தவரை நினைத்து ஒருவரும் அழவில்லை, அதனால்தான் அவர் எழும்பவில்லை. யார் முதலில் சொன்னார் என்று தெரியாது, ஆனால் செத்தவீட்டில் அழுகைக்குக் குறை வைக்காத ஊர் என்பதால் எல்லோருக்கும் அது உடனே விளங்கிவிட்டது. பத்மாவதி ஒரு வியாழக்கிழமை முழுவதும் அழுதாள். நன்றாகத்தான் அழுதாள், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து அழுதார்கள், மார்க்கண்டுவே கண்கலங்கினார். முதுகு அசையவில்லை. கடைசியில், படத்தில் செத்தவருக்குப் படத்து மனைவிதான் அழவேண்டும் என்று முடிவாயிற்று. இருபத்தாறு வருடம் சமைத்துப் போட்டவளின் கண்ணீர் செல்லாது, பதினான்கு தரம் தாண்டிப் போனவளின் கண்ணீர்தான் செல்லும் என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது. ஆனால் மழைக்காலம் வந்துகொண்டிருந்தது. மழை பிடித்தால் அந்த வயலில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், கிடக்கிற மனிதருக்கு ஒரு சாணே அதிகம். பத்மாவதி ஆத்திரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் குணலட்சுமியின் வீட்டுக்குப் போனாள்.

குணலட்சுமி தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கதிரையைக் காட்டினாள்.

"பிள்ளை, ஒருக்கா வந்து அழுதிட்டுப் போனாக் காணும். நடிப்புக்கெண்டாலும் பறவாயில்லை" என்றாள் பத்மாவதி.

"எனக்கு நடிக்கத் தெரியாது அக்கா. நடக்கச் சொன்னவை, நடந்தன்."

"என்ரை மனிசன் தண்ணிக்குள்ளை தாழப் போறார்."

குணலட்சுமி மெஷின் ஊசியிலிருந்து நூலை உருவி எடுத்தாள். "புருசனெண்டு சொல்லி நான் ஒருக்கா வாய்விட்டு அழுதால், அவர் செத்துப்போனாரெண்டு நானே சொன்ன மாதிரி. ஆர் கேட்டும் நான் அதைச் சொல்லேல்லை. உங்கடை மனிசனுக்காகவும் சொல்லமாட்டன். என்னைக் கோவியாதேங்கோ."

பத்மாவதிக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. தன்னுடைய மனிதர் எங்கே கிடக்கிறார் என்று தனக்குத் தெரியும், விதானையாரிடம் முகவரிகூட இருக்கிறது என்பது அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டாள்.

பதினெட்டாம் நாள் பின்னேரம் மழை பிடித்தது. மண்மூட்டை அடுக்கினார்கள், வாளியால் இறைத்தார்கள், ஜொனதனும் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறைத்தார். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் மார்க்கண்டுவின் காதைத் தொட்டது. பத்மாவதி அவருடைய தலையை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தபடி சேற்றில் இருந்தாள். அப்போது குணலட்சுமி குடையோடு வரம்பால் நடந்து வந்தாள். தான் அழுவதற்காக வரவில்லை என்று முதலே சொன்னாள். வீட்டில் இருக்கவும் ஏலவில்லை என்றாள்.

"அழச் சொல்லி நான் ஒருநாளும் கேக்கேல்லைத் தங்கச்சி" என்றார் மார்க்கண்டு. "இப்பிடிக் கிடந்தால், போறவையின்ரை கால் மட்டுந்தான் தெரியும். பதினாலு தரம் உங்கடை காலைப் பாத்தன். ஒருக்கா என்ரை முகத்தைப் பாருங்கோவன்."

"பாக்க வேண்டாமெண்டு நான்தான் சொன்னது" என்றார் ஜொனதன், வாளியும் கையுமாக.

"நீர் சொல்லாட்டிலும் நான் பாத்திருக்கமாட்டன் தம்பி" என்றாள் குணலட்சுமி. பிறகு, மகளுக்கும் சொல்லாத ஒன்றை அந்த வயலில் நின்று சொன்னாள். அன்றைக்கு அவள் நடந்த பாதையில் நிறையப் பேர் கிடந்தார்கள். ஓரிடத்தில், சிவகரன் கட்டியிருந்ததைப் போல நீலக் கட்டம் போட்ட சாரம் ஒன்று தெரிந்தது, பக்கத்தில் ஒரு கான் கவிழ்ந்து கிடந்தது. நீலச் சாரம் கட்டியவர்கள் ஆயிரம் பேர், கான் இல்லாத ஆளே அங்கே இல்லை. அவள் மகளின் கண்ணைப் பொத்தினாள், முன்னால் போனவரின் குதிக்காலைப் பார்த்தாள், தாண்டிப் போனாள். "அவராய் இருந்தால் நான் அதிலையே இருந்திருப்பன். பிள்ளையை ஆர் கொண்டு வாறது? அதுதான் பாக்கேல்லை. அண்டையிலை இருந்து அந்த முகத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறன்." இறைத்துக்கொண்டிருந்தவர்களின் கை நின்றுவிட்டது. தண்ணீர் இன்னும் ஒரு விரல் ஏறியது.

குணலட்சுமி குடையைப் பத்மாவதியின் தலைக்கு மேலே பிடிக்கும்படி ஜொனதனிடம் கொடுத்தாள். தண்ணீருக்குள் முழங்காலை ஊன்றி, மார்க்கண்டுவின் முகத்தைப் பார்த்தாள். அவசரப்படவில்லை. நெற்றியைப் பார்த்தாள், பத்தொன்பது நாள் நரைத்தாடியைப் பார்த்தாள், வெற்றிலைக் காவி ஏறிய பல்லைப் பார்த்தாள், இடது புருவத்துக்குக் கீழே இருந்த பழைய காயத்தைப் பார்த்தாள். துணிக்கு அளவெடுப்பவள் அல்லவா, ஒன்றையும் விடவில்லை.

"நீங்கள் அவர் இல்லை, அண்ணை" என்றாள்.

"ஓம் தங்கச்சி. நான் மார்க்கண்டு."

முதுகு மண்ணை விட்டு வந்தது. அவர் எழும்பி இருந்தார், பிறகு ஒருவரின் தோளைப் பிடித்து நின்றார், செருப்பு எங்கே என்று கேட்டார். பத்மாவதி அவருடைய முதுகில் இரண்டு அடி போட்டுவிட்டு, அப்போதுதான் உண்மையாக அழுதாள். அவர் கிடந்த இடத்தில் ஆளின் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது, சற்று நேரத்தில் அதுவும் நிரம்பிவிட்டது.

படம் அடுத்த வருடம் வெளிநாடுகளில் ஓடியது. பேரழிவு மனிதரை எப்படிக் கல்லாக்குகிறது என்பதற்கு அந்தப் பெண் தாண்டிப் போகிற காட்சியே சாட்சி என்று பலர் எழுதினார்கள். ஜொனதன் ஒவ்வொருவருக்கும், அவள் கல்லாகவில்லை என்று பதில் எழுதினார், ஒருவரும் அதைப் போடவில்லை. யாழ்ப்பாணத்தில் காட்டியபோது அந்தக் காட்சி வந்ததும் தியேட்டர் முழுவதும் கழுத்தை நீட்டி, கீழே கிடப்பவரின் முகத்தைப் பார்க்க எத்தனித்தது. கமெரா குணலட்சுமியோடு போய்விட்டது. "என்ரை முகம் எங்கை?" என்று மார்க்கண்டு தன் இருக்கையில் இருந்து கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு குடாநாட்டில் படம் எடுக்க வந்தவர்கள் எல்லோருக்கும் அதுவே நடந்தது. விழுந்தவர் எவரும் தானாக எழும்பவில்லை. கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள் முதல்நாள் சிரித்தார்கள், இரண்டாம் நாள் குணலட்சுமிக்கு வாகனம் அனுப்பினார்கள். இப்போது அன்றாட வேலைப் பட்டியலில், ஒப்பனைக்காரருக்கும் சமையற்காரருக்கும் நடுவில் "முகம் பார்ப்பவர்" என்று ஒரு வரி இருக்கிறது. பொட்டோடும் தாலியோடும்தான் அவள் வருவாள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, "நீங்கள் அவர் இல்லை, எழும்புங்கோ" என்பாள், அவர்கள் எழும்புவார்கள். சிலர் நன்றி சொல்வார்கள், சிலர் எறும்பைத் திட்டுவார்கள். மகளுக்குப் போன ஆவணியில் கலியாணம் நடந்தது, அழைப்பிதழில் சிவகரனின் பெயருக்கு முன்னால் அமரர் என்று போடவில்லை.

இந்த வருடம் மாசியில் தென்மராட்சியில் ஒரு பெரிய படம். அறுவடை முடிந்த வயலில் நாற்பது பேர் விழுந்து கிடந்தார்கள். குணலட்சுமி நாற்பது பேரின் முகத்தையும் பார்த்தாள், நாற்பது பேரும் எழும்பித் தூசு தட்டினார்கள். தேநீர் ஆறுகிறது என்று கூப்பிட்டார்கள். அவள் வயலின் கடைசி வரம்பு வரை நடந்து போய், அங்கே வேறு யாரும் கிடக்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் குடிக்க வந்தாள்.