ஆறு வாரக் கோதுமை

"இப்ப ரத்தம் எடுத்தா ஒண்ணுமே தெரியாது, கேட்டோ. ஆறு வாரம் தினமும் ரெண்டு சப்பாத்தி சாப்பிட்டுட்டு வாங்க. அப்புறம் ரத்தமும் எண்டோஸ்கோப்பியும் பாக்கலாம்" என்று டாக்டர் பிந்து மலையாளம் கலந்த தமிழில் சொன்னபோது, காதில்தான் ஏதோ தவறாக விழுந்துவிட்டது என்று பத்மஜா நினைத்தாள். கோதுமையை விட்டு எட்டு மாதமாகிறது. இருபது வருஷமாக இல்லாத உடம்பு அவளுக்கு அந்த எட்டு மாதத்தில்தான் கிடைத்திருந்தது.

"வேண்டாம்னா விட்டுடலாம். இப்படியே கோதுமை இல்லாம இருந்தாலும் நல்லாத்தான் இருப்பீங்க. ஆனா கோதுமையே ஒத்துக்காத சீலியாக் வியாதின்னு எழுதித் தரணும்னா எனக்குத் தெளிவு வேணும்."

கரமனையில் அவர்கள் வீட்டில் விரத நாளென்றால் ராத்திரி அரிசி கிடையாது. ரவா உப்புமா, இல்லையென்றால் சப்பாத்தி. இரண்டுமே கோதுமை. மறுநாள் வேலை நாளானால் யூனிவர்சிட்டி ஆபீஸில் மேஜைக்கும் கழிப்பறைக்குமாக நடப்பாள். பட்டினி கிடந்த பலவீனம் என்றார் மாமியார். டென்ஷன் என்றார்கள் டாக்டர்கள். இரும்புச்சத்து மாத்திரையை எத்தனை விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. கடைசியில் அவளேதான், வயிறு படுத்திய நாட்களைக் காலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டே வந்து, வருஷக் கடைசியில் புரட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை, ஏகாதசி, அமாவாசை, ஒவ்வொன்றுக்கும் மறுநாள் புள்ளி இருந்தது.

"சௌக்கியமாத்தானே இருக்கே? பேப்பர்ல ஒரு பேர் எழுதி வாங்கறதுக்காக உடம்பைக் கெடுத்துக்கணுமா?" என்றான் கணவன் நாகேஸ்வரன். அவன் கோபத்தில் பயமும் இருந்தது. போன வருஷம் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தவளைத் தூக்கியவன் அவன்தான்.

"எனக்காக இல்லை. மைதிலிக்காக."

மைதிலி, நாக்பூரில் இருக்கும் தங்கை நாகலக்ஷ்மியின் பெண். பதின்மூன்று வயது, பார்த்தால் ஒன்பதுதான் மதிப்பிடுவார்கள். மூன்று வேளையும் கோதுமை சாப்பிடும் ஊர். இது ரத்த வழியில் வருவது, குழந்தையைச் சோதித்துப் பார் என்று பத்மஜா நாலு தடவை போனில் சொல்லிவிட்டாள். நாலாவது தடவை நாகலக்ஷ்மி பொறுமையிழந்து கேட்டாள்: "உனக்கே ஒரு டாக்டரும் எழுதித் தரலை. நீ சொல்றேன்னு என் பொண்ணு தொண்டைல குழாயை விடணுமாக்கா?"

ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுவது என்று பத்மஜா அன்றே முடிவு செய்திருந்தாள். ஆறு வாரம் என்பதுதான் தெரியாமல் இருந்தது. இப்போது அதுவும் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை தொடங்கினாள். நாலாம் நாளே வயிறு உப்பியது. இரண்டாம் வாரம் வாயில் புண். மூன்றாம் வாரம் லீவு எழுதிக் கொடுத்தாள். ஒருநாள் மாவு பிசையக் கை தூக்க முடியாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாகேஸ்வரன் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தண்ணீரை அதிகமாக விட்டான். மறுபடி மாவைக் கொட்டினான். "போறும்னு எப்ப தோணறதோ சொல்லு, நிறுத்திடலாம்" என்றான். அவள் சப்பாத்திக் கல்லை அடுப்பில் வைக்கச் சொன்னாள்.

இருபத்தாறாம் நாள் சாயங்காலம் நாகலக்ஷ்மி கூப்பிட்டாள்.

"அத்திம்பேர் சொன்னார். இன்னும் சாப்பிடறியாமே. எதுக்குக்கா இந்தப் பிடிவாதம்?"

"பதினாறு நாள்தான் பாக்கி. மைதிலிகிட்ட குடு."

ரிசீவர் கை மாறியது. "பெரியம்மா, உனக்கு ரொம்ப வலிக்கறதா?"

"வலிக்கறது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துல தொப்புளைச் சுத்தி முறுக்கறது. அப்புறம் நாள் பூரா யார் கூப்பிட்டாலும் எழுந்துக்கத் தோணாது. உனக்கு எப்படிடி?"

மைதிலி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்படித்தான். எல்லாருக்குமே அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அங்கே குக்கர் ஒருமுறை விசிலடித்தது. "என்னடி சொன்னே? இப்ப என்ன சொன்னே?" என்று நாகலக்ஷ்மி கேட்பது கொஞ்சம் தள்ளிக் கேட்டது. பிறகு போன் நாகலக்ஷ்மியின் கைக்கு வந்தது. யாரும் போனை வைக்கவில்லை. பத்மஜா வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, தங்கையின் மூச்சைக் கேட்டபடி நின்றிருந்தாள்.